தெர்மோஸ்டாட் அதிபர்

மினசோட்டாப் பனியில் வீடே விறைத்தது, ஹீட்டர் எரியவில்லை.

"சூட்டைக் கூட்டுறதும் குறைக்கிறதும் நான்தான். தெர்மோஸ்டாட்ல யாரும் கை வைக்கக் கூடாது. குளிருதா, ஸ்வெட்டர் போடு!" என்று மனைவி மார்லிஸுக்கு ஆண்டுதோறும் ஆணையிடும் ஆர்விட், டார்ச்சோடு கீழ்த்தளத்தில் ஹீட்டருக்குக் காவல் நின்றார்.

மேலே மெக்கானிக் லைல், கூடத்துச் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றினான். பின்னால் ஒயரே இல்லை.

"என்னம்மா, இது சும்மா ஒட்டி வெச்சதா?"

"சத்தம் போடாதே தம்பி. நிஜமானது துணி அலமாரிக்குள்ள இருக்கு. அதுலதான் ஒயர் விட்டுப்போச்சு, பாரு."

லைல் வாயைப் பொத்திச் சிரித்தான். "பாவம் பெரியவர்! எங்க வீட்டுல இந்தக் கதையெல்லாம் நடக்காது. தெர்மோஸ்டாட் என் கையில. இத்தனை வருஷத்துல அது ஒரு தடவைகூட ரிப்பேர் ஆனதில்ல!"

"ஆகாது தம்பி," என்றார் மார்லிஸ். "இந்த யோசனையைச் சர்ச்சுல எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உன் பெண்டாட்டிதான்."