மேப்பிள் பருவத்தில் ஒரு பதவி நீக்கம்

அதிபரைப் பதவியிலிருந்து இறக்கும் முன் சாப்பிட்டுவிடலாம் என்றார் வெண்டெல்.

"பீன்ஸ் ஆறுது, நடுவரே. அதிபர் எங்கயும் ஓடிடப் போறதில்ல."

"இறக்கிட்டுச் சாப்பிடலாம்," என்றார் கூட்டத்தை நடத்தும் நடுவர் லைமன். காலை முழுவதும் பனி தள்ளும் வண்டிக்கே போயிருந்தது. புதிது வாங்குவதா, பழையதற்கே பெயின்ட் அடிப்பதா என்ற விவாதத்தில் இரண்டு அண்ணன் தம்பிகள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.

ஹார்லோவின் மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அதிபரைப் பற்றி வழக்கமாகப் பேசுவதில்லை. இந்த வருடம் பேசியாக வேண்டியிருந்தது. வாஷிங்டனில் விசாரணை முடிந்துவிட்டது. அவரை நீக்கச் செனட்டில் ஒரு வாக்குக் குறைகிறது. அது வெர்மான்ட்டின் மூத்த செனட்டருடையது. அவரோ, ஊர்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று கை கழுவிவிட்டார். மற்ற ஊர்கள் சரிபாதியாகப் பிரிந்துவிட்டன. மிச்சம் ஹார்லோ.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் ஓர்ஃபா. அவள் வலது கையில் கட்டு. மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும்போது கொப்பரை சுட்டிருந்தது.

"என்ன குத்தம்னு சொல்லு," என்றார் வெண்டெல். ஊர்ச் சாலைகள் அவர் பொறுப்பு. "ரோடு போடப் பணம் வந்ததே அவர் காலத்துலதான்."

"ஒரு தடவைதான் தேர்தல்ல நிப்பேன்னு சொன்னான். ரெண்டாவது தடவையும் நின்னான். போதாதா?"

"மரியாதை, ஓர்ஃபா," என்றார் லைமன். "நாட்டோட அதிபர்."

"அந்த மரியாதை என் வாயில வராது, லைமன். முயற்சி பண்ணிப் பாத்தாச்சு."

வெண்டெல் விடவில்லை. "உண்மையான காரணத்தைச் சொல்லு."

"சொல்றேன். மரத்துல சாறு இறங்க ஆரம்பிச்சாச்சு. வாளி தூக்க ஆளில்ல. வெள்ளை மாளிகைல இந்த அதிபர் இருக்கிறவரைக்கும் என் தம்பி ஆல்டனுக்கு வீடு வர வழியில்ல. இந்த வசந்தமும் நான் ஒருத்தியே காய்ச்சணும்னா, மரத்தையெல்லாம் மில்லுக்கு வெட்டிக் குடுத்துடுவேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"தம்பிக்கு லீவு வேணும்னா தம்பி கேக்கணும்," என்றார் வெண்டெல். "அதுக்காக அரசாங்கத்தையே கவுக்கணுமா?"

"கேக்க மாட்டான். ரோஷக்காரன்."

"இவர் போனா யார் வருவா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"துணை அதிபர். ஃப்ளோரிடாக்காரர். பான்கேக்ல மேப்பிள் பாகுக்குப் பதிலா சோளப் பாகை ஊத்திச் சாப்பிடுறவர்," என்றார் வெண்டெல்.

கூடம் முணுமுணுத்தது. அன்று அதிபருக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட மிக வலுவான வாதம் அதுதான்.

கோரா ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். பனி உருகிய சேறு காய்ந்த பிறகு அதிபரை இறக்கலாம். இப்போதே இறக்கினால், சாமான் ஏற்றிய லாரி ஓர்ஃபா வீட்டுச் சாலையில் அச்சுவரை புதைந்துவிடும்.

"சேறு காயறதுக்குள்ள மரம் மொட்டு விட்டுடும்," என்றாள் ஓர்ஃபா. "அப்புறம் அந்தச் சாறு குதிரைக்குக்கூட ஆகாது."

திருத்தம் தோற்றது.

கை தூக்கச் சொன்னார்கள். எண்ணினார்கள். சமையலறையில் ஆப்பிள் பை பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு மறுபடி எண்ணினார்கள்.

சரிக்குச் சரி.

"சமமா வந்தா தீர்மானம் தோத்த மாதிரி," என்றார் லைமன். சுத்தியலை எடுத்தவர் உடனே தட்டவில்லை.

ஓர்ஃபா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மில்லுக்காரனை நாளைக்கே வரச் சொல்லிடறேன்," என்றாள்.

கதவு திறந்தது. முதலில் குளிர் வந்தது, பிறகு ஆல்டன். தலையில் கம்பளித் தொப்பி, முழங்கால்வரை சேறு. அவனுக்குப் பின்னால் கறுப்புக் கோட்டு அணிந்த இருவர்.

"வெளியூர்க்காரங்க ஓர பெஞ்சுல," என்றார் லைமன். "ஓட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது."

இருவரும் ஆல்டனைப் பார்த்தார்கள். அவன் தலையசைத்தான். உட்கார்ந்தார்கள்.

"கார் சேத்துல மாட்டிக்கிச்சு," என்றான் ஆல்டன். "முடிஞ்சிடுச்சா?"

"சுத்தியல் இன்னும் விழல. நீ ஹார்லோ வாக்காளன், கை தூக்கலாம். அதிபரை இறக்கணுமா, வேண்டாமா?"

ஆல்டன் ஓர்ஃபாவின் கைக்கட்டைப் பார்த்தான்.

"சாறு எப்படிக்கா?"

"வாளி வழியுதுடா."

ஆல்டன் கை தூக்கினான்.

வெண்டெல் துள்ளி எழுந்தார். "ஆட்சேபணை! இது அவன் சொந்த வேலை சம்பந்தப்பட்ட விஷயம். அவன் எப்படி ஓட்டுப் போடலாம்?"

"போன வருஷம் உன் சம்பள உயர்வுக்கு நீ ரெண்டு கையும் தூக்கின, வெண்டெல்," என்றார் லைமன்.

வெண்டெல் உட்கார்ந்தார். சுத்தியல் விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. ஹார்லோவில் அது வழக்கமில்லை.

ஆல்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. லைமன் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"கதவைச் சாத்துங்க, முன்னாள் அதிபரே."