விழுந்தவர் எவருமில்லை

ஏழாம் வகுப்பில் சிறுமி செனுவாரா மூச்சுத் திணறிச் சாய்ந்து நான்கு நிமிடங்களாகியும், கூரையிலிருந்த கேமரா ஆம்புலன்ஸை அழைக்கவில்லை. பதிவெண் இல்லாதவர்களைக் கேமரா காண்பதில்லை. அவளுடைய பெற்றோர் எல்லை கடந்து வந்து, திருப்பூரில் பனியன் தைப்பவர்கள். பள்ளி அவளுக்கு அளித்திருந்தது ஓர் இருக்கை மட்டுமே.

ஆசிரியை பூங்கோதை அவசர எண்ணை அழைத்தார்.

"உங்கள் வகுப்பில் எவரும் விழவில்லை" என்றது இனிய இயந்திரக் குரல்.

"புள்ள மூச்சு விட முடியாமக் கெடக்குது! உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

தலைமையாசிரியர் நாச்சிமுத்து ஓடி வந்தார். "மெசின்கிட்டக் கத்தி என்னங்க டீச்சர் ஆகப்போகுது? இந்தப் புள்ளதான் பதிவுலயே இல்லீங்களே."

"மெசினை விடுங்க சார். உங்க கண்ணுக்குத் தெரியுதுங்களா, இல்லீங்களா?"

அவர் கூரைக் கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

பூங்கோதை கேமராவுக்கு நேர்கீழே சென்று, தடாலென்று தரையில் விழுந்தார்.

"ஆசிரியை மயக்கம். ஆம்புலன்ஸ் புறப்பட்டது" என்று கூரையிலிருந்து அதே குரல் அறிவித்தது.

ஸ்ட்ரெச்சருடன் வந்த பணியாளர் தம்மைத் தூக்கக் குனிந்தபோது, பூங்கோதை வெடுக்கென எழுந்தார்.

"என்னைத் தொடாதீங்க. அவளைத் தூக்குங்க."

"உங்க பேருக்குத்தானுங்க வண்டி வந்திருக்குது. வேற ஆளை ஏத்துனாக் கெளம்பாதுங்க."

பூங்கோதை தம் பதிவெண் பொறித்த அடையாள அட்டையைக் கழற்றிச் சிறுமியின் கழுத்தில் மாட்டினார். "இப்பக் கெளம்பும். எடுங்கய்யா!"

வண்டி கிளம்பியது. மருத்துவமனையில், பன்னிரண்டு வயதுச் செனுவாரா, 'பூங்கோதை, வயது ஐம்பத்தாறு' என்று பதிவானாள். எண் சரியாக இருந்தமையால், எவரும் அவள் முகத்தைப் பார்க்காமலேயே உயிர்க்காற்றுக் குழாயைப் பொருத்தினார்கள்.