திரையைப் பார்க்காதவள்

மதிவதனி மட்டும் திரையைப் பார்க்கவே இல்லை. தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தது. பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் நம்பிராஜன்.

ஒரகடத்து செல்போன் தொழிற்சாலைக்கு அவர் புது மேனேஜர். லைனில் யார் தூங்குகிறார்கள் என்று ஏ.ஐ. கேமரா சொல்லும், அது சொல்வது நியாயமா என்று பார்க்க ஒரு அதிகாரி வேண்டும். அதற்குத்தான் இந்த இன்டர்வியூ. தேதி, லைன் நம்பர் சொல்லி ஒரு பழைய கேமரா வீடியோவைப் போட்டு, இது தூக்கமா என்று கேட்பார்.

காலையிலிருந்து வந்ததெல்லாம் பெரிய பெரிய படிப்பு. இதே வீடியோவைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு இங்கிலீஷில் அளந்துவிட்டுப் போனார்கள், அப்பப்பா!

திரையில், தொப்பியும் மாஸ்க்கும் போட்ட ஒரு பெண் தலை கவிழ்ந்து நின்றாள். 'தூக்கம்' என்று முடிவாகி, போன வருடமே அவளை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள்.

"தூங்கல சார். மயக்கம்," என்றாள் மதிவதனி. "லெஃப்ட் கையால டேபிள் ஓரத்த இறுக்கிப் புடிச்சிகினு கீறாங்க பாருங்க. தூங்குறவங்க புடிப்பாங்களா?"

நம்பிராஜன் வீடியோவைத் திரும்பப் போட்டார். ஆமாம், கையுறை விரல்கள் மேஜையைக் கவ்வியிருந்தன.

"பாக்காமலே எப்படிம்மா சொல்லுதீங்க?"

"கண்ண மூடுனா அதான் சார் வருது. ஒரு வருஷமா தூக்கமே இல்ல."

"முன்னாடி எங்க வேலை?"

"இதே கம்பெனிக்குத்தான் சார். காண்ட்ராக்ட்டு. இப்ப இல்ல."

அடப்பாவமே! நம்பிராஜன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இந்த வேலைக்குப் படிப்பு எதுக்குங்கேன்? பட்டவங்களுக்குத்தானே வலி தெரியும். நாளைக்கே வந்து சேருங்க. உங்களத் தூக்கினதுக்கு கம்பெனி சார்புல நான் மன்னிப்பு கேட்டுக்கிடுதேன்."

வல்லக்கோட்டை வீட்டில் எல்லோரும் மதிவதனிக்கு வரப்போகும் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள். தேங்க்ஸ் சொல்லிவிட்டுக் கிளம்பினால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை.

மேஜையைத் தட்டிய விரல் நின்றது. முதல்முறையாகத் திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது நான் இல்ல சார். அப்பல்லாம் கேமராவுக்கு டவுட்டுன்னா, அந்த வீடியோ எங்க வூட்டு கம்ப்யூட்டருக்குத்தான் வரும். அத பாத்து தூக்கமா இல்லையான்னு சொல்றதுதான் என் காண்ட்ராக்ட்டு வேலையே."

நம்பிராஜனுக்கு விளங்கவில்லை.

"அந்த கைய அப்பறமாதான் பாத்தேன். முழுசா பாக்காம 'தூக்கம்'னு பட்டன தட்டுனது நான்தான் சார்."