போனுக்கு ஒரு கயிறு

"இன்னிக்கி கயிறு கட்டிக்கலன்னா எம்பொண்ணு உங்க கூட வரமாட்டா மாப்ள. எங்க வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

ஆட்டோ கோயில் முன்னால் நின்றதும் மாரப்பன் வெடித்தார்.

மருமகன் மாதேஸ்வரன் குனிந்த தலை குனிந்தபடியே, போன் விளையாட்டில் வண்ண உருண்டைகளை உடைத்துக்கொண்டிருந்தான்.

"காதுல வுழுதா பாரு, கண்ணு" என்று மகள் வெண்மதியிடம் சொன்னவர், அந்தப் போனை வெடுக்கென்று பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெண்மதி பதறினாள். "இந்தக் கோயிலு வேணாம்ப்பா. வூட்டுக்குப் போயிரலாம்."

"ஏன் வேணாம்? குடிய விடறதுக்கு எங்கெங்க இருந்தோ இங்க வந்து கயிறு கட்டிக்கிட்டுப் போறாங்க. கட்டனவன் மறுபடி தொடமாட்டான். சாமிக்கு சாராயம் என்னா, போனு என்னா?"

மாரப்பனின் வயிற்றெரிச்சல் அவருக்குத்தான் தெரியும். காரிமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை, தங்கமான பையன் என்று விசாரித்துத்தான் பெண்ணைக் கொடுத்தார். இப்போது பார்த்தால் கடையை மூடி வந்ததும் போன். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலும் போன். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்து கிடக்கிறது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று தர்மபுரிக்குக் கூட்டிப் போனால், "போனைக் குறைக்காட்டி கழுத்தெலும்பு தேஞ்சிரும்" என்கிறார் டாக்டர்.

அதையெல்லாம்விட நேற்று நடந்ததுதான் அவரைச் சுட்டது. மகள் வீட்டுக்கு வந்தவர், ஆசையாக, "வாங்க மாப்ள, ஒரு நடை வெளிய போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டார். எத்தனை தரம் கூப்பிட்டும் அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. ஆடு மாடுகூடக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.

கோயில் வரிசையில் நின்ற ஆண்களை எல்லாம் பெண்டாட்டிமார்தான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். பூசாரி ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு மணிக்கட்டில் கயிறு கட்டினார்.

மாதேஸ்வரனின் முறை வந்தது.

"எத்தன மாசத்துக்குக் குடிக்கமாட்ட, தம்பி?"

"குடிக்கு இல்லீங்க சாமி" என்று மாரப்பன் குறுக்கே வந்தார். "போனுக்குக் கட்டணும். ஒரு வருசத்துக்குத் தொடக்கூடாது."

"அப்டின்னா எங்க வூட்டுக்கு ஒரு கண்டு கயிறு வேணும்" என்றாள் பின்னால் நின்றவள். வரிசை முழுக்கச் சிரித்தது.

பூசாரி சிரிக்கவில்லை. மாதேஸ்வரனின் சட்டைக் கையை மேலே ஏற்றியவர், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏற்கெனவே கட்டியிருக்குதே. இது என்னோட முடிச்சாச்சே. தம்பி, போன ஆடியில வந்தவன் இல்ல நீ?"

மாதேஸ்வரன் தலையாட்டினான்.

அதைக் கண்ணேறுக் கயிறு என்றுதான் மாரப்பன் இத்தனை நாளாக நினைத்திருந்தார். "என்னாத்துக்கு வந்தாரு?"

"இங்க வேற என்னாத்துக்குங்க வருவாங்க?"

மாரப்பன் மகளைத் தனியே இழுத்துப் போனார். "கயிறு கட்டற அளவுக்கா போச்சி?"

"கடையத் தொறக்காத வுழுந்து கெடந்தாருப்பா. நீங்க வர்ற அன்னிக்கி மட்டும் எப்டியோ மறைச்சேன்."

"இப்ப?"

"கயிறு கட்டனதுல இருந்து ஒரு சொட்டு தொடல. ஆனா சாயங்காலமானா கை பரபரங்குது. உருண்டைய ஒடச்சி ஒடச்சித்தான் அந்த நேரத்தத் தாட்டறாரு. கண்ணு எரியறதும் கழுத்து வலிக்கறதும் எனக்குத் தெரியாதா? மொதல்ல இது நெலைக்கட்டும், அப்புறமா போன விட வெக்கலாம்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

வெண்மதி அப்பாவின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். நடந்துபோய் அதைப் புருசன் கையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பெத்த அப்பன் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார் மாரப்பன். "நான் என்னா, அன்னியனா?"

வெண்மதி சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"எப்டிப்பா சொல்றது? கண்ணாலமான புதுசுல, 'ஒரு நாளைக்கி என்னா ஆவும் மாப்ள'ன்னு அவருக்கு மொத கிளாஸ் ஊத்திக் குடுத்ததே நீங்கதான. நேத்து நீங்க கூப்புட்டப்ப மட்டும் அவரு போன விட்டுத் தலைய நிமித்தியிருந்தா, உங்க பின்னாலயே பிராந்திக் கடைக்கி வந்திருப்பாரு."