பக்கத்துப் பலகை

சுடுவதற்காகக் குப்புறப் படுத்த பிறகும் தூரிட் பேச்சை நிறுத்தவில்லை.

பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள் இங்வில். தலைநகர் ஓஸ்லோவிலிருந்து வந்தவள், நாடாளுமன்றக் குழுவில் இருப்பவள். வேட்டைத் துப்பாக்கியை இனி யாரும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாவற்றையும் நகரத்தில் ஒரே கிடங்கில் பூட்டி வைக்க வேண்டும் என்று ஒரு மசோதா அந்தக் குழுவின் முன்னால் கிடக்கிறது.

சனிக்கிழமை உங்கள் சுடுதளத்துக்கு வரலாமா என்று அவள் போனில் கேட்டதிலிருந்து ஊரே தலைகால் புரியாமல் அலைந்தது. கழிப்பறைக்குப் புது வர்ணம் அடித்தார்கள். வாஃபிளுக்குத் தொட்டுக்கொள்ள மூன்று வகை ஜாம் வைத்தார்கள். பேசுகிற பொறுப்பைத் தூரிட்டிடம் விட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் இல்லை.

"நான் இன்னிக்கு வந்ததே..." என்று இங்வில் ஆரம்பித்தாள். அன்று அது நாலாவது முறை.

"எதுக்கு வந்தீங்கன்னு தெரியுங்க. எங்க வீட்டுத் துப்பாக்கி அலமாரிச் சாவியை நான் என் புருஷனுக்கே தர்றதில்ல. கிடங்கு நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தா, வாசல்ல வந்து நிக்கிற மூஸ் மான்கிட்ட, செத்த நில்லு, போய் எடுத்துட்டு வந்துடறேன்னு சொல்லவா? கார் மோதி காலொடிஞ்ச மான் ரோட்டோரமா துடிச்சுக்கிட்டுக் கிடந்தா போலீஸ் யாரைக் கூப்பிடுறாங்க? எங்களைத்தான். வெறுங்கையோட போய் தடவிக் குடுக்கவா?"

இங்வில் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இத்தனை பேச்சுக்கு நடுவே தூரிட்டுக்குத் தன் கவலையும் இருந்தது. வேட்டைத் தேர்வுக்கு இன்றுதான் கடைசி நாள். ஐந்து குண்டு. ஐந்தும் பலகையில் வரைந்த மானின் நெஞ்சு வட்டத்துக்குள் விழ வேண்டும். தேறாவிட்டால் நாளை தொடங்கும் வேட்டையில் அவளுக்கு இடமில்லை. சமையலறையில் உட்கார்ந்து, காட்டில் மற்றவர்கள் சுடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். வருடம் முழுக்க அந்த ஒரு வாரத்துக்காகவே மாடு கறப்பவள் அவள்.

"விசையை வெடுக்குன்னு இழுக்காதீங்க. மூச்சை விட்டுட்டு மெல்ல அழுத்துங்க. தோள்ல உதைக்கும், பயந்துடாதீங்க."

இங்வில் சமர்த்தாகத் தலையாட்டினாள். அவளுக்கு இரவல் கொடுத்திருந்ததும் தூரிட்டினுடையதைப் போலவே ஒரு துப்பாக்கி.

இருவரும் சுட்டார்கள். சுடும்போதும் இரண்டு குண்டுக்கு நடுவில் தூரிட் ஒரு வாதத்தைச் சொல்லி முடித்தாள்.

தேர்வு நடத்துபவன் ஓஸ்முண்ட். தூரிட்டின் சொந்தத் தம்பி. தொலைநோக்கியில் வைத்த கண்ணை அவன் வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"அக்கா, உன் பலகைல ஒன்னுகூட இல்ல."

காபிக் கோப்பையோடு நின்றிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தூரிட்டுக்குக் காது வரை சிவந்தது. எங்களை நம்பலாம் என்று ஒரு வாரமாகப் பேசிப் பழகி, நம்ப வைக்க வேண்டியவளின் கண்ணெதிரிலேயே மானம் கப்பலேறிவிட்டது.

"எல்லாம் பக்கத்துப் பலகைல இருக்கு" என்றான் தம்பி.

பேச்சு மும்முரத்தில் பக்கத்துப் பலகையைச் சுட்டிருக்கிறாள். அந்தச் சுடுதளத்தில் ஒரு தடவையாவது அந்த அசட்டுத்தனத்தைச் செய்யாதவர் கிடையாது. தூரிட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப அது என்னோடதுடா! அஞ்சையும் என் பேர்ல எழுது. பாவம், அவங்க சுட்டதெல்லாம் எந்த மரத்துல இருக்கோ!"

"எது உன்னோடதுன்னு நான் எப்படிச் சொல்றது? பத்து ஓட்டை இருக்கு. பத்தும் வட்டத்துக்குள்ள."

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

எல்லாரும் இங்வில்லைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டு, திறந்தபடியே பாயில் கிடத்தியிருந்தாள். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"அக்கா, அடுத்தவங்க பலகைல விழுந்தது செல்லாது. நீ மறுபடி சுடணும். வெளிச்சம் போறதுக்குள்ள" என்றான் ஓஸ்முண்ட். அக்கா என்பதற்காக அரை குண்டுகூட விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவன்.

பலகை ஓட்டைகளைக் காகிதம் ஒட்டி அடைத்த பிறகு தூரிட் படுத்தாள். யாரும் சொல்லாமலே இங்வில்லும் பக்கத்தில் படுத்தாள்.

இந்த முறை தூரிட் வாயைத் திறக்கவில்லை. பலகையின் எண்ணை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகச் சுட்டு முடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அஞ்சு. உன் பலகைலயே. அவங்களுக்கும் அஞ்சு" என்றான் தம்பி.

அவள் பாயிலேயே முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"என்னோடதையும் எழுதிக்குங்க" என்றாள் இங்வில்.

"விருந்தாளிங்களுக்கு எழுதறதில்லீங்களே."

"எழுதித்தான் ஆகணும். நாளைக்கு எனக்கும் வேட்டை. எங்க ஊர்ல தேர்வு போன வாரமே முடிஞ்சுபோச்சு, என்னால போக முடியல. இங்க சுட்டுத் தேறத்தான் வந்தேன். சொல்ல விட்டாத்தானே!"

தூரிட் எழுந்திருக்க மறந்து, பாயில் கிடந்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

இங்வில் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, அவளுக்குக் கை கொடுத்தாள்.

"குழுவுல அந்த மசோதாவை எதிர்க்கிறது நான் ஒருத்திதான். திங்கக்கிழமை பேச என்கிட்ட சரக்கு பத்தல. இப்பச் சொல்லுங்க, முதல்லேர்ந்து."