பதினைந்து நிமிஷ ரீடிங்

பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் லேபை விட்டு ஓடுகிறவளுக்கும், நின்ற இடத்தை விட்டு நகராமல் இடுப்பொடிய வேலை பார்க்கிறவளுக்கும் ஒரே மார்க் என்றால், உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

முதல்பெஞ்சுக்கு வந்தது. பொத்துக்கொண்டு வந்தது.

எம்.எஸ்ஸி. வேதியியலில் அவளுக்கு அதுதான் பெயர். குவாண்டம் கணக்கைப் போர்டில் முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். வினைவேக லேபிலும் அவளை அசைக்க ஆளில்லை. போன மாதம் வரைக்கும்!

நடுவில் வந்து சேர்ந்தாள் ஒருத்தி. ஒரு வருஷம் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பியவளாம். யாரோடும் பேச்சுக் கிடையாது. வந்த மூன்றே வாரத்தில் மார்க்கில் சரிசமமாக நிற்கிறாள். ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பதோ ஒரே ஒரு இடம். லேபில் முதலாக வருகிறவருக்குத்தான் அது.

"ஒரே எஸ்டர், ஒரே ஆசிட். எனக்கு மட்டும் சுடுதண்ணித் தொட்டி, அவளுக்குப் பச்சைத் தண்ணியா?" என்று பொரிந்தாள் முதல்பெஞ்ச். "சூட்டுல வினை தலைதெறிக்க ஓடுது. மூணு நிமிஷத்துக்கு ஒரு ரீடிங். மூக்கு அரிச்சாக்கூட சொறிய முடியலை. அவளுக்குப் பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு. நடுவுல வெளியே உலாத்திட்டு வர்றா!"

பக்கத்து மேஜைத் தோழி சிரித்தாள். "அவ குவாண்டம் துகள்டீ. லேப்லயும் இருப்பா, வராந்தாவுலயும் இருப்பா."

"சிரிக்காதே. வாரா வாரம் எல்லாருக்கும் தொட்டி மாறுது. அவளுக்கு மட்டும் மூணு வாரமா மாறலை. மேடம் செல்லம் கொடுக்கிறாங்க. இன்னைக்குக் கேட்டே தீருவேன்."

"யாரு, ஃப்ரீசர்கிட்டயா? போ, போ. உறைஞ்சு போகாம திரும்பி வா."

பேராசிரியை பார்த்த பார்வையில் கொதிக்கிற பீக்கரே உறைந்துவிடும் என்று கல்லூரியில் பேச்சு. முதல்பெஞ்ச் அதற்கெல்லாம் அசருகிற ஆளா? பத்து ரீடிங்கையும் முடித்தாள், கையைக் கழுவினாள், மாடியில் பேராசிரியையின் அறைக்கு விடுவிடுவென்று நடந்தாள்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள்.

"யாரு? அங்கேயே நின்னு சொல்லு."

சொன்னாள். தொட்டி, தண்ணீர், வராந்தா, ஒன்று விடாமல் கதவைப் பார்த்தே சொன்னாள். "தராசு எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும் மேடம்" என்று முடித்தாள்.

"நீ எத்தனை ரீடிங் எடுத்தே?"

"பத்து."

"அவ?"

"அவளுக்கும் பத்துதான்."

"உனக்கு எப்ப முடிஞ்சது?"

"ரெண்டரைக்கு."

"அவளுக்கு நாலரை ஆகும். நீங்க எல்லாம் கேன்டீன்ல இருப்பீங்க. அவ ஒத்தையா நின்னு எடுப்பா. அந்தத் தொட்டி உனக்கு வேணுமா? அடுத்த வாரமே தர்றேன்."

முதல்பெஞ்ச் ஒரு கணம் தடுமாறினாள். ஆனாலும் விடவில்லை. "எனக்குத் தொட்டி வேண்டாம் மேடம், காரணம் வேணும். நடுவுல அவ எங்கே போறா?"

உள்ளே செருப்பு தேயும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது.

பேராசிரியையின் கண்ணாடி ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது. புடவைத் தோளில் ஈரம். அந்தத் தோளில், கையளவு முகத்தைப் புதைத்துக்கொண்டு, மூன்று மாதக் குழந்தை ஒன்று.

"பாலைக் கொடுத்துட்டு இப்பதான் அடுத்த ரீடிங்குக்கு ஓடினா. எனக்கு ஜூனியர்ஸுக்குக் குவாண்டம் கிளாஸ் இருக்கு" என்றார் ஃப்ரீசர், குரலைத் தாழ்த்தி. "இது இன்னும் ஏப்பம் விடலை. கழுத்தைத் தாங்கிப் பிடிச்சு, அவ வர்ற வரைக்கும் முதுகைத் தட்டிக்கிட்டு இருக்கியாம்மா?"