வயிறு கழுவிய தண்ணீர்

ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்று நான்கு பேர். சக்கர நாற்காலியில் அப்துல் லத்தீப், ஆபரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள். அவர் மனைவி அஜீசுன்னிசா. அவளுடைய அக்கா ஆஸியா பீவி. ஆஸியாவின் கணவர் சாதிக் பாட்சா.

லத்தீப்பின் பெருங்குடலில் இருந்த புற்றுக்கட்டியை எடுத்தபோது, வயிற்றுக்குள் உப்புநீர் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் புற்றுநோய் செல் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம், ஆயுள் குறையும். இல்லாவிட்டால் நம்பிக்கையோடு இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று முடிவு.

"வயித்தைக் கழுவ முப்பத்தோரு வருஷம் ஷார்ஜாவுல கிடந்தேன். இவங்க கால் மணி நேரத்துல கழுவிட்டாங்க," என்றார் லத்தீப்.

யாரும் சிரிக்கவில்லை.

லேப் கதவு திறந்து நித்யஸ்ரீ வந்தாள். வரிச்சிக்குடியில் இவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பெண். அந்தத் தண்ணீரை மைக்ரோஸ்கோப்பில் முதலில் பார்ப்பவளும் அவள்தான். இவர்களைக் கண்டதும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, விடுவிடுவென்று போய்விட்டாள்.

திரும்பி வரும்போதும் அப்படியே. மூன்றாம் முறை ஓடியே போனாள்.

வேலை கிடைத்ததும் கண் தெரியவில்லை என்றாள் ஆஸியா. பெருநாள் தவறாமல் பிரியாணி போன வீடு, அதுகூடவா மறந்துபோகும்?

"இல்ல லாத்தா, அவ அழுதுகிட்டுப் போறா," என்றாள் அஜீசுன்னிசா.

அவ்வளவுதான். லத்தீப் அங்கேயே சொத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். ஸ்கூட்டர் தம்பிக்கு. கைக்கடிகாரம் மூத்த மருமகனுக்கு. ஷார்ஜா சூட்கேஸ் சாதிக் பாட்சாவுக்கு.

"சக்கரம் நாலும் ஓடுதா சகலை?" என்று கேட்டார் சாதிக்.

ஆஸியா முறைத்தாள். லத்தீப் மட்டும், மூன்றுதான் ஓடும் என்று உள்ளதைச் சொன்னார்.

டாக்டர் உள்ளே கூப்பிட்டு ரிப்போர்ட்டைப் படித்தார். தண்ணீரில் புற்றுநோய் செல் இல்லை. மருந்தும் பரிசோதனையும் தொடர வேண்டும், ஆனாலும் இது பெரிய நல்ல சேதி என்றார். அஜீசுன்னிசா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிச் சொல்லி அழுதாள். லத்தீப் சூட்கேஸைத் திரும்பக் கேட்டார்.

வெளியே வந்ததும் ஆஸியா நேராகப் போய் நித்யஸ்ரீயை மறித்தாள்.

"ஏம்மா, நல்ல சேதியைக் கையில வச்சுக்கிட்டா மூணு தடவை மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனே?"

நித்யஸ்ரீ துப்பட்டாவை எடுத்தாள். வாய் காதுவரை விரிந்திருந்தது.

"பெரிய டாக்டர் கையெழுத்துப் போடுறவரைக்கும் நாங்க எதையும் காட்டிக்கக் கூடாதுங்க அத்தை. பேச்சை அடக்கிட்டேன், இந்தச் சிரிப்பைத்தான் அடக்க முடியலை. எட்டு தடவை எண்ணிப் பார்த்தேன். எட்டு தடவையும் பூஜ்யம்."